ஒதுக்கிய தண்ணீர்

அக்டோபர் 14

இன்று மழை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை. இந்த வருஷத்தில் முதல் தடவை.

இவர் கத்தாருக்குத் திரும்புவதற்கு முன் மாட்டிவிட்டுப் போன குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க, நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப்பில், தொட்டிக்குள் போவதற்கு முன், ஒரு தடித்த குழாய் செங்குத்தாகத் தொங்குகிறது. மாடியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீர் அதற்குள் இறங்கி நிறையும். நிறைந்ததும் உள்ளே இருக்கும் பந்து மிதந்து வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வருவதுதான் தொட்டிக்கு. அடியில் ஒரு சின்னத் திருகு. அதைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தால் சொட்டுச் சொட்டாக வடிந்து, அடுத்த மழைக்குள் குழாய் காலியாகிவிடும். இவர் 'டைவர்ட்டர்' என்பார். அத்தைக்கு அது 'தண்டக் குழாய்'.

மாடியில் மயில்கள் அடைகின்றன. எச்சம், வேப்பஞ்சருகு, பல மாதத்துப் புழுதி எல்லாம் கலந்து காப்பி டிக்காஷன் மாதிரி இறங்கியது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை.

"இம்புட்டுத் தண்ணியையும் தரையில விடுறதுக்கா எம்மகன் காசக் குடுத்து இதை வாங்குனான்?"

"அழுக்குத் தண்ணி அத்தை. பாப்பா குடிக்கிற தொட்டி."

"அழுக்கு அடியில தங்கிரும். தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?"

திருகுக்கு அடியில் வாளியை வைத்துவிட்டார். வாளி நிறைய நிறைய, கிணற்றடியில் கிடந்த நீல டிரம்மில் ஊற்றினார். செடிக்கு, வாசல் தெளிக்க ஆகும் என்றார். சரி, செடிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். சின்ன வயசில் குடத்தோடு எத்தனை ஊர் நடந்தாரோ, அந்தக் கை ஒரு சொட்டைக் கீழே விடாது.

நறுமுகை பத்து மாதத்தில் முதன்முதலாக மழையைப் பார்த்தாள். கையை நீட்டி நீட்டி இழுத்தாள். நெற்றியில் ஒரு துளி பட்டதற்கு அப்படி ஒரு சிரிப்பு. தூங்கும்போது மூச்சுச் சத்தமே வராமல் இருந்தது. இரண்டு தடவை எழுந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 17

தொட்டியில் பாதிகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு அடுத்த ஐப்பசி வரை எப்படி?

அக்டோபர் 22

பாப்பா தொடையிலும் கழுத்து மடிப்பிலும் சிவப்புத் தடிப்பு. எல்லாம் போர் தண்ணீரால்தான். இந்த ஊரில் எங்கே துளை போட்டாலும் உப்பு. குளித்துத் துவட்டினால் தோலில் வெள்ளையாகப் பூக்கிறது. பெரியவர்களுக்கே அரிக்கும், பிஞ்சுத் தோல் என்ன செய்யும்? சோப்பும் நுரைக்காது.

தொட்டித் தண்ணீரைக் குளிக்க எடுக்க முடியாது. அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன். தினமும் குச்சியை விட்டு ஆழம் பார்க்கிறேன். அதனால் இன்று டிரம்மைத் திறந்து பார்த்தேன். ஒரு வாரமாக அசையாமல் இருந்ததில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி இருந்தது. சொம்பில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு தூசி இல்லை. அதில் குளிப்பாட்டினேன்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைக்கு இப்பத்தான் புத்தி வந்துருக்கு. இப்பத்தான் நீ இந்த ஊரு மருமக."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 26

தடிப்பு அடங்கிவிட்டது. மழைத் தண்ணீர் மழைத் தண்ணீர்தான். பாப்பாவுக்குக் குளியல் ஒரு விளையாட்டாகிவிட்டது. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளிம்பை உறிஞ்சுகிறாள். பிடுங்கினால் கத்துகிறாள். வீடியோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். 'குடிகாரி' என்று பதில் வந்தது.

அக்டோபர் 29

காலையிலிருந்து நான்கைந்து தடவை தண்ணியாகப் போய்விட்டாள்.

"பல்லு மொளைக்குது," என்றார் அத்தை. "ஒம் புருசனுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் இப்பிடித்தான் போச்சு. மொத்த வாயும் மொளைக்கிறதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன்."

ஈறைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நவம்பர் 1

கடைத்தெரு டாக்டரிடம் போனோம். கூட்டம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, உப்புக்கரைசல் பொடியும் ஜிங்க் மருந்தும் எழுதினார். "தண்ணி காய்ச்சித்தான் குடுக்குறீங்களா?"

காய்ச்சுகிறேனா. குமிழி வந்த பிறகும் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி போட்ட தனிப் பாத்திரத்தில் வைக்கிறேன். புகட்டுகிற பாலாடையைக்கூட வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. "தொட்டித் தண்ணி சார், டைவர்ட்டர் மாட்டியிருக்கோம்," என்றேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அத்தை வெற்றிலை போட்ட கையோடு பாப்பா வாயைத் துடைத்துவிடுகிறார். மாட்டுத் தொழுவத்தைப் பெருக்கிவிட்டு வந்து தூக்குகிறார். கழுவினேன் என்பார். எப்படிக் கழுவினார் என்று யார் பார்த்தது?

நவம்பர் 4

நின்றுவிட்டது. இன்று கஞ்சி முழுசாகக் குடித்தாள். நல்ல மழை பெய்தது. தண்டக் குழாய் நிறைந்து, வடிந்து, டிரம்மும் தளும்ப நிறைந்தது. தொட்டி முக்கால்.

இரண்டு நாளாகக் காய்ச்சலுக்குப் பயந்து துடைத்துத்தான் விட்டிருந்தேன். நாளைக்குக் குளிப்பாட்ட வேண்டும். வேர்த்து வேர்த்துப் புளித்த வாடை வருகிறது.

நவம்பர் 8

மறுபடியும். இந்தத் தடவை சளி மாதிரி, ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். இனி பாப்பாவுக்கு ஊட்ட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எங்கையில விஷம் இருக்குன்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லலை அத்தை."

"வேற எப்பிடிச் சொல்லணும் அதை?"

அதற்குப் பிறகு பாப்பா இருக்கும் அறைக்கே அவர் வரவில்லை. பாப்பா நிலைப்படி வரைக்கும் தவழ்ந்து போய் 'ஆத், ஆத்' என்று அப்பத்தாவைக் கூப்பிட்டாள். அத்தை அந்தப் பக்கம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. நிமிரவில்லை.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எதையாவது ஒன்றை நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்.

நவம்பர் 9

எடை குறைந்துவிட்டது. கொலுசு கழன்று விழுகிறது.

நவம்பர் 11

இவர் போனில் கூப்பிட்டார். வேலை இடத்திலிருந்து, பின்னால் ஒரே இரும்புச் சத்தம்.

"தண்ணியில ஏதும் இருக்குமோ மங்கை? அந்தத் திருகைப் பாரு. அம்மா தண்ணி வீணாப் போகுதுன்னு மூடி வச்சிருப்பாங்க. மூடிட்டா குழாய் காலியாகாது, அடுத்த மழை அழுக்கெல்லாம் நேரா தொட்டிக்குள்ள போயிரும்."

போனோடு போய்ப் பார்த்தேன். திருகு திறந்துதான் இருந்தது. குழாயைத் தட்டினேன், காலிச் சத்தம். தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அடித்தளம் தெரிந்தது, சுத்தம்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே வேலை செய்யுது."

"அப்பத் தண்ணியில தப்பில்ல," என்றார். பிறகு, "நான் வரட்டுமா?" என்றார். வர முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். இப்போதுதான் லீவு முடிந்து போயிருக்கிறார். "வேண்டாம், நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

எதைப் பார்த்துக்கொள்கிறேன்? வேறு என்ன மிச்சம் இருக்கிறது? என் பாலா? நான் ஏதாவது தின்று, அது பாலில் இறங்குகிறதா? இன்றிலிருந்து வெறும் ரசம் சாதம்தான்.

நவம்பர் 12

எத்தனை தடவை போனாள் என்று கணக்கு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் இடுப்புக்குக் கீழே கழுவ வேண்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் வெந்துபோன தோல் எரிகிறது, உடம்பை வில்லாக வளைத்து வீறிடுகிறாள். டிரம் தண்ணீர்தான் கைகொடுக்கிறது.

உப்புக்கரைசலைத் துப்புகிறாள். பாலாடையைப் பார்த்தாலே தலையைத் திருப்புகிறாள். கழுவும்போது சொம்பைக் கையில் கொடுத்தால் மட்டும்தான் அழுகை நிற்கிறது. விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சப்புகிறாள். அந்த ஒரு நிமிஷமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முருகா, என்ன கேட்டாலும் தருகிறேன்.

நவம்பர் 13

பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. தடுப்பூசி அட்டை இந்த டைரிக்குள் இருந்ததால் டைரியும் வந்துவிட்டது. பென்சில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் வாங்கியது. எழுதாவிட்டால் எழுந்து சுவரில் முட்டிக்கொள்வேன் போலிருக்கிறது.

காலையில் எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. அழுதாள். கண்ணீர் வரவில்லை. அழுகிற முகம், அழுகிற வாய், கண் மட்டும் காய்ந்து கிடந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அத்தை ஓடி வந்தார். நிலைப்படியில் ஒரு விநாடி நின்றார், என்னைக் கேட்கிற மாதிரி. பிறகு உள்ளே வந்து பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் நடந்தார். ஆட்டோ எங்கே கிடைத்தது, யார் நிறுத்தினார்கள், ஒன்றும் நினைவில்லை.

இங்கே நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள். நான் பாப்பாவின் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உதறக்கூட இல்லை. உதறேன், என்னை உதைக்கவாவது செய்யேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தலையில் ஒரு நரம்பு கிடைத்தது. ஒரு பக்க முடியை வழித்துவிட்டு அங்கே ஊசி ஏற்றினார்கள்.

டாக்டர் என் வயசுதான் இருப்பார். "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாமே தண்ணியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் எது எது என்று நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்?

"நேத்து போனாளா?"

"தெரியலை மேடம்."

அவர் நர்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். என்ன ஊட்டுகிறோம், பால் எங்கே வாங்குகிறோம், தண்ணீர் எது.

தண்ணீர் என்றதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு. விளக்கமாகச் சொன்னேன். மழைத் தண்ணீர் மேடம், சும்மா பிடிக்கிற மாதிரி இல்லை, டைவர்ட்டர் இருக்கிறது, மயில் எச்சம் புழுதி எல்லாவற்றையும் முதல் தண்ணீரோடு ஒதுக்கிவிடும், அதன் பிறகு வருகிற சுத்தமான தண்ணீர்தான் தொட்டிக்கு, அதையும் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.

அவர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "ஒதுக்குன தண்ணி எங்க போகுது?"

வாயைத் திறந்தேன்.

"டிரம்முக்குப் போகுது," என்றார் அத்தை, என் பின்னால் நின்றபடி.

"டிரம்முல இருந்து?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை இருமியது.

"அதுல குளிக்க வைப்பீங்களா? குளிக்கும்போது வாயில எடுப்பாளா?"

நான் சொன்னேன், "அத்தைதான் மேடம் பிடிச்சு வைப்பாங்க. வேண்டாம்னுதான் சொன்னேன். தண்ணிய வீணாக்கக் கூடாதும்பாங்க."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் அவரைத் திட்டினார். அதிகமாக இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி. மாடியில் இருக்கிற அத்தனை அசிங்கத்தையும் ஒரு டிரம்மில் சேர்த்து வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள், தெளிந்து நின்றால் கிருமி போய்விடுமா, படிக்காதவர்களிடம் பிள்ளையை விட்டால் இப்படித்தான் என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டாக்டர் போகும்போது சொன்னது: "சலைன் ஏறுது. இனி ஒண்ணுக்குப் போகணும். போனா கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் வெயிட் பண்றோம். துணியத் தொட்டுத் தொட்டுப் பாருங்க."

தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்திருக்கிறது.

நவம்பர் 14, காலை

போகவில்லை.

நவம்பர் 14

மதியம் டாக்டர் வந்து வயிற்றின் அடியில் தட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ராத்திரிக்குள் போகாவிட்டால் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். மதுரையில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. நர்ஸ் தானாகச் சொல்ல வந்தார், "கிட்னிக்கு மெஷின்ல..." என்று. அத்தை கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "போறப்பச் சொல்லுங்க தாயி. இப்ப வேணாம்."

அவர் காலையில் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார், மாற்றுத்துணிக்கும் பிளாஸ்க்குக்கும். சேலை முழங்கால் வரை ஈரமாக இருந்தது.

"மழையா அத்தை?"

"டிரம்மக் கவுத்தேன்."

நான் அவர் சேலைக் கரையைப் பார்த்தேன்.

"ஒத்தையாளா அசைக்க முடியல. சொம்புல மொண்டு மொண்டு பாதி ஊத்தி, அப்பறம் காலக் குடுத்துத் தள்ளுனேன். அடியில கரிச்சேறு, தாரு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி செவுத்து மேல ஏறி நின்னு பாக்குறா. பைத்தியம் புடிச்சுருச்சான்னு கேட்டா. ஆமான்னேன்." பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து காப்பி ஊற்றினார். "வாளியையும் எடுத்துட்டேன். சொட்டுறது தரையில சொட்டட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காம இருந்துக்கிறேன்."

காப்பியைக் குடிக்க முடியவில்லை. "அத்தை, நேத்து டாக்டர்கிட்ட நான்..."

"குடி மொதல்ல."

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"என்னத்தச் சொல்ல? இவதான் குளிப்பாட்டுனா, சொம்பக் கையில குடுத்தான்னா? நான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தேன்." பாப்பாவின் வழித்த தலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒனக்காகச் சொல்லாம விடலத்தா. அந்தம்மா ஒன்னையத் திட்டி, நீ ஒடைஞ்சு ஒரு மூலையில ஒக்காந்துட்டா, முழிச்சதும் பாலுக்கு யாருகிட்டப் போகும் இது? என்கிட்டயா வரும்? வீட்டுக்குப் போவோம். அங்க போயிச் சண்ட போட்டுக்கிருவோம். எனக்கும் பேச நெறையா இருக்கு."

காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

இவர் போன் பண்ணியபோது அத்தைதான் எடுத்தார். "ஏறுதுப்பா, பாட்டில் ஏறுது. நல்லாத்தான் இருக்கா. நீ வேலையப் பாரு." வைத்துவிட்டு, போனைச் சேலையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

சாயங்காலம் ஆயிற்று. ஜன்னலில் வெயில் போய்விட்டது. நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினார், துணியைத் தொட்டுப் பார்த்தார், எதையோ எழுதினார், போய்விட்டார். கட்டிலில் கிடத்தினால் முனகுகிறாள் என்று மடியில் போட்டுக்கொண்டேன். தலை ஊசி அசையாமல் இருக்க அத்தை ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தோம், அவர் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டு. வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நமக்குத்தானோ என்று கதவைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொடையில் ஏதோ சூடாக இருந்தது.

முதலில் பிளாஸ்க் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிளாஸ்க் மூடியபடி தரையில் இருந்தது. சூடு பரவியது. தொடை வழியாக இறங்கி, முட்டி மடிப்பில் தேங்கி, கணுக்கால் வரை வந்தது. நான் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை," என்றேன்.

அவர் குனிந்து, என் மடிக்கு அடியில் கையை விட்டார். எடுத்து மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார். "மூத்திரந்தான்," என்றார். "மூத்திரந்தான்த்தா. வேற ஒண்ணுமில்ல." அந்தக் கையைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் ஓடி வந்தார். டாக்டர் வந்தார். நல்லது, இன்னும் போகட்டும், மதுரை இப்போதைக்கு வேண்டாம், ராத்திரி பூராவும் பார்ப்போம் என்றார். நாளைக்கு என்ன சொல்வார் என்று தெரியாது. ஆனால் இன்று இது.

"புடவைய மாத்திக்கிட்டு வாங்கம்மா, குழந்தைய நான் பிடிக்கிறேன்," என்றார் நர்ஸ்.

"இருக்கட்டும்," என்றேன்.

இன்னும் மாற்றவில்லை. குளிர்ந்துவிட்டது, காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன், இன்னொரு தடவை வருமா என்று பார்த்துக்கொண்டு.